அஞ்சு மாசமாகத் தொங்குகிறவன்

ஃபஹாஹீல் ஜெராக்ஸ் கடையில் நூறு படி அடித்தேன்.
இருபத்து நாலு பக்கம், நடுவில் இரண்டு பின்,
அட்டைக்கு மட்டும் கலர்.
கடைக்கார எகிப்தியர் வலமிருந்து இடமாக அடுக்கியதில்
பத்துப் படிகளில் முடிவு முன்னால் வந்துவிட்டது.
அந்தப் பத்தும்தான் முதலில் விற்றன.

விலை கால் தினார்.
ஒரு சாயா, இரண்டு சமோசா.
அதைவிடச் சூடாக இருக்கணும் கதை
என்று கட்டிலுக்கு மேல் எழுதி ஒட்டியிருந்தேன்.

பகலில் கம்பெனிக்குக் குழாய் வரைகிறேன்.
எங்கே வளைவு, எங்கே வால்வு,
எங்கே போய் முடியும் என்று
முன்கூட்டியே தெரிந்த படங்கள்.
இரவில் வரைவது ஆபத்துக்காத்தானை.
டவர் கிரேன் ஓட்டுகிறவன்.
நகரத்தில் எது நடந்தாலும்
முதலில் பார்க்கிறவன்.

மூன்றாம் இதழின் கடைசிக் கட்டத்தில்
கிரேன் முனையில் ஒற்றைக் கையில் தொங்கவிட்டேன் அவனை.
கீழே நாற்பது மாடி.
ஓரத்தில், சின்னதாக, தொடரும்.

பிறகு ரிஃபைனரியில் ஷட்டவுன் வந்தது.
பன்னிரண்டு மணி நேர வேலை, புழுதி, தூக்கம்.
முடிவெட்டும் அந்தோணிசாமி
காதோரம் கத்தியை நிறுத்திக் கேட்டார்:
"அஞ்சு மாசமாத் தொங்குறானே தம்பி,
கை வலிக்காதா?"

நூறு, எழுபத்தொன்று, ஐம்பத்தெட்டு.
கணக்கு நோட்டில் இறங்கிக்கொண்டே வந்தது.
இந்த ஊரில் வாசகன் சலிப்பதற்கு முன்
அவனுடைய அக்காமா முடிந்துவிடுகிறது.
பிடித்து வைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன்:
கடைசிப் பக்கத்தில் புதிர்,
ஓசியில் ஸ்டிக்கர்,
நாயகனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன்.
அவனை மீசையோடு வரைந்து
மீசையோடு அழித்தேன்.

ஒரு புதன் இரவு வெயிலுமுத்து வந்தார்.
மங்காஃப் கேம்ப், ரிக்கர், பதினோரு வருஷம்.
மூன்று இதழும் பாலிதீன் கவருக்குள்.
ஓரமெல்லாம் பென்சில்:
ஷேக்கிளுக்குப் பின் இல்லை.
ஹார்னஸ் எங்கே?
இந்தக் கயிறு இந்த எடைக்குத் தாங்காது.
தொங்குகிற பக்கத்தில் மட்டும் எழுத்து இல்லை;
கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை.

"வெள்ளிக்கிழமை ஃப்ளைட். கேன்சல்ல போறேன்.
எப்படி இறங்குறான்னு மட்டும் சொல்லுங்க,
யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கே தெரியாது என்றேன்.
முதலில் அவர் நம்பவில்லை.
பிறகு நம்பினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.
"நான் தொங்கியிருக்கேன். அஹ்மதியில, காத்தடிச்ச நாள்,
ஆறு நிமிஷம்.
கீழ பார்க்காதேம்பாங்க. நான் பார்த்தேன்.
ஒருத்தன் சாப்பிட்டுட்டிருந்த தூக்கை
அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான்.
கொழம்பு மண்ணுல ஓடுது.
அதைப் பார்த்தப்புறம்தான்
கை கெட்டியாப் பிடிச்சுது."

யார் அது?

"நேபாளின்னு சொன்னாங்க.
அடுத்த வாரம் வேற சைட்டுக்குப் போயிட்டான்.
பேரு கேக்கல."

சாயல்குடி முகவரியை
மூன்றாம் இதழின் முதுகிலேயே எழுதிக் கொடுத்தார்.
பிறகு, அது தன்னுடைய படி என்று நினைவு வந்து,
சமோசா சுற்றிய காகிதத்தில் மறுபடி எழுதினார்.

ஒன்பது இரவில் நாலாம் இதழ்.
முதல் பக்கத்தில் நாயகன் இல்லை.
கவிழ்ந்த தூக்கு, மணலில் குழம்பு,
விலகி ஓடும் காலடிகள், இடைவெளி கூடிக்கூடி.
கயிற்றின் தடிமனை மாற்றினேன்.
ஷேக்கிளுக்குப் பின் போட்டேன்.

அறுபதுதான் அடித்தேன்.
சாயல்குடிக்குத் தபால் செலவு
இதழின் விலையைப் போல் மூன்று மடங்கு.

இதிலும் அவன் இறங்கவில்லை.
ஓடி வந்தவன் பாதி ஏணி ஏறியிருக்கிறான்.
வெயிலுமுத்துவின் படியில் மட்டும்
கடைசி வார்த்தையை வெள்ளை மையால் அழித்தேன்.
காய்வதற்குள் மனசு கேட்கவில்லை.
அதன் மேலேயே, கொஞ்சம் பெரிதாக,
தொடரும்.